ஸ்விஸ் போகிறீர்களா? பெட்டியைக் கட்டுமுன் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்!

ஸ்விட்சர்லாந்துக்கு டிக்கெட் போட்டாச்சு என்றால் வீடே அமர்க்களப்படும். அம்மா பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் தயார் செய்துகொண்டிருப்பார். அப்பா பரண் மேலிருந்து பழைய ஸ்வெட்டரை இறக்கி வெயிலில் காயப்போடுவார். மருமகள் பனியில் நின்று போட்டோ எடுக்கச் சிவப்பு நிறத்தில் ஒரு கோட்டு வாங்கியிருப்பார். இத்தனை கலவரத்துக்கு நடுவில், ''ஆமா, இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சா?'' என்று யாராவது கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: ''அதெல்லாம் ஏஜென்ட் விசாவோட சேர்த்துப் போட்டுட்டார்!''

போட்டுவிட்டார், சரி. யாருக்காகப் போட்டார்? விசா அதிகாரிக்காகப் போட்டார்.

அதிகாரி அந்தக் காகிதத்தில் பார்ப்பது சில விஷயங்களைத்தான். குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கிறதா? ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் செல்லுமா? அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் அடங்குமா? தங்குகிற எல்லா நாட்களுக்கும் உண்டா? ஆம் என்றால் அவர் வேலை முடிந்தது. உங்கள் அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை, நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஸ்டென்ட் வைத்தது எல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. ஆனால் உங்களுக்கு இருக்கிறது!

சின்ன எழுத்தில் ஒரு பெரிய பள்ளம்

குறைந்த பிரீமியத்தில் கிடைக்கும் பயண பாலிசிகள் பலவற்றில், 'ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் அவற்றால் வரும் சிக்கல்களுக்கும் பொறுப்பில்லை' என்று ஒரு வரி இருக்கும். பொடி எழுத்தில்தான் இருக்கும். லூசெர்ன் ஏரிக்கரையில் உலாவிக்கொண்டிருக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சை அடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் அருமையாகக் கவனிப்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். பில் வரும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி: ''இதற்கு முன் இதயத்துக்கு ஏதாவது சிகிச்சை உண்டா?'' ஸ்டென்ட் என்று சொன்னதும், அந்தப் பொடி எழுத்து வரி பூதாகாரமாக எழுந்து நிற்கும்.

ஸ்விட்சர்லாந்தில் சுற்றுலாப் பயணிக்கு இலவச வைத்தியம் என்று ஒன்று கிடையாது. அந்த ஊர்க்காரர்களே மாதாமாதம் கட்டாய மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டித்தான் வாழ்கிறார்கள். ஆம்புலன்ஸுக்குக்கூட நோயாளிக்குத்தான் பில் வரும். பல நூறு பிராங்க். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் சில ஆயிரம் பிராங்க். 2025-ல் ஒரு பிராங்க் நம் பணத்தில் நூறு ரூபாயைத் தாண்டியது என்பதை மனதில் வைத்துப் பெருக்கிப் பாருங்கள். நாலு நாள் ஐ.சி.யூ. என்றால் பெருக்கவே மனசு வராது.

ஆகவே ஏஜென்ட்டிடம் பாலிசியின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கச் சான்றிதழ் போதாது. அதில் முன்பே உள்ள நோய்க்கு என்ன சொல்லியிருக்கிறது என்று தேடுங்கள். சில கம்பெனிகள் 'உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் மட்டும், இவ்வளவு தொகை வரை' என்று ஒப்புக்கொள்கின்றன. பிரீமியம் கூடுதல்தான். ஆனால் 60 வயது தாண்டியவர்களுக்கு அந்த மாதிரி பாலிசியாகப் பார்த்து எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அதே போல, 60 வயதுக்கு மேல் அறை வாடகைக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று உள்வரம்பு வைத்திருப்பார்கள். 'மொத்தம் 50,000 டாலர்' என்று முகப்பில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம்.

''சர்க்கரை, பி.பி. எல்லாம் எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறும்'' என்று சிலர் அன்பாக யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்! மறைத்தது தெரிந்தால் கம்பெனி கையை விரித்துவிட முடியும். அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் முதல் குறிப்பிலேயே 'நீண்ட நாள் சர்க்கரை நோயாளி' என்று பதிவாகிவிடும். இன்னொன்று, பாலிசியில் இருக்கும் 24 மணி நேர உதவி எண்ணைக் குடும்பத்தில் எல்லோர் செல்போனிலும் பதிந்து வையுங்கள். உயிர் போகிற அவசரம் தவிர மற்ற சமயங்களில் சிகிச்சைக்கு முன்பே அந்த எண்ணில் சொல்லிவிட வேண்டும் என்று பல பாலிசிகளில் நிபந்தனை உண்டு.

மகனோ மகளோ ஜூரிச்சில் வேலை பார்க்கிறார்கள், பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் அந்த ஊர் இன்ஷூரன்ஸில் நீங்கள் வரமாட்டீர்கள். விருந்தாளியாக வரும் பெற்றோருக்கென்றே அங்கே தனி பாலிசிகள் விற்கிறார்கள். அதையும் விசாரித்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டிக்கரில் இரண்டு கணக்கு

ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இல்லை. ஆனால் 2008 டிசம்பரிலிருந்து ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கிறது. அதனால் அந்த ஒரே விசாவில் பாரிஸும் ரோமும் பார்த்துவிட்டு வரலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் மனுப் போட வேண்டும். எல்லாம் சமம் என்றால் முதலில் இறங்குகிற நாடு. 'அங்கே சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்குது' என்பதற்காக ஒரு நாட்டில் வாங்கி, பயணம் முழுவதையும் இன்னொரு நாட்டில் கழிப்பது எல்லையில் தேவையில்லாத கேள்விகளை வரவழைக்கும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் அந்தக் கெடுவை மறந்துவிட்டு இரண்டு மூன்று மாதம் முன்பே போட்டுவிடுவது நல்லது. கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே இல்லை. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது. பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

கையில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். சொந்தச் செலவில் போகிறவர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 பிராங்க் என்பது ஸ்விஸ் கணக்கு. பிள்ளை செலவு ஏற்கிறார் என்றால், அவர் 30,000 பிராங்க் வரை பொறுப்பேற்று உறுதிப்பத்திரம் தர வேண்டும் என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். அதற்கும் நாளாகும்.

விசா வந்துவிட்டது. இப்போதுதான் கவனம் தேவை. ஸ்டிக்கரில் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை' என்று ஒன்று இருக்கும். பக்கத்தில் 'தங்கும் நாட்கள்' என்று இன்னொரு எண் இருக்கும். தேதிக் கணக்கில் 27 நாள் வரும்; தங்கும் நாட்கள் 12 என்றுதான் போட்டிருக்கும். பயணம் முன்பின் தள்ளிப்போனால் உதவட்டும் என்று பெரும்பாலும் 15 நாள் கூடுதலாகத் தேதி கொடுப்பார்கள். அந்தப் பதினைந்து நாளும் உல்லாசத்துக்கு அல்ல! ''தேதி இன்னும் இருக்கே, பேரன் பிறந்த நாள் முடிஞ்சதும் கிளம்பலாம்'' என்று தங்கிவிட்டால் அபராதமோ, அடுத்த முறை நுழையத் தடையோ வரலாம். இறங்கிய நாளும் ஒன்று, கிளம்பும் நாளும் ஒன்று. இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும்.

முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள். தேதி மங்கலாக இருந்தால் யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கம்ப்யூட்டர் பதிவு முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். முகத்தைப் படம் எடுத்து, வருகையையும் கிளம்புதலையும் பதிகிறார்கள். ஒரு நாள் கூடினாலும் திரையில் தெரிந்துவிடும். இதற்குத் தனியாக மனுவோ பணமோ கிடையாது. ஆனால் வரிசை நீளலாம். முட்டி வலிக்காரர்களை வைத்துக்கொண்டு இணைப்பு விமானத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் இடைவெளி விட்டு டிக்கெட் போடாதீர்கள். ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போனால் இந்தச் சோதனை அங்கேயே நடக்கும். துபாய், தோஹா வழியாகப் போனால் ஜூரிச்சில். ஹோட்டல் பதிவு, திரும்பி வரும் டிக்கெட், இன்ஷூரன்ஸ் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். விசா இருந்தாலும் எல்லையில் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

ஊட்டி போய் வந்தவர்தானே?

ஸ்விஸ் போகிற நம்மவர்கள் பார்க்காமல் திரும்பாத இடங்கள் இரண்டு. ஒன்று யூங்ஃப்ராவ்யோக், மற்றது டிட்லிஸ். ''எங்கப்பா ஊட்டிக்கு எத்தனை தடவை போயிருக்கார், ஒண்ணும் ஆகாது'' என்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர். டிட்லிஸில் கேபிள் கார் கொண்டுபோய் விடும் இடம் 3,020 மீட்டர். யூங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர்! அங்கிருந்து லிஃப்டில் ஏறினால் 3,571 மீட்டரில் ஒரு காட்சி மேடை வேறு.

உயரம் பாதிப் பிரச்னைதான். மீதிப் பாதி, ஏறுகிற வேகம். இன்டர்லாகென் ஊர் 570 மீட்டரில் இருக்கிறது. 2020 டிசம்பரில் வந்த புதிய கேபிள் காருக்குப் பிறகு, அங்கிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்துவிடலாம். உடம்பு பழகுவதற்கு அவகாசமே இல்லை. அந்த உயரத்தில் மூச்சுக்கு மூச்சு உள்ளே போகிற ஆக்ஸிஜன், கடற்கரை ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இளவட்டங்களுக்கு லேசான தலைவலி, படி ஏறினால் இளைப்பு, அவ்வளவுதான். ஆனால் இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே முக்கி முனகி வேலை செய்கிறவர்களுக்கு இது பரீட்சை.

யார் டாக்டரைக் கேட்காமல் மேலே போகக் கூடாது? சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள். நடந்தால் நெஞ்சு வலிக்கிறவர்கள். பி.பி. கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள். நாள்பட்ட ஆஸ்துமா, நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள். ரத்தசோகை அதிகம் உள்ள பெண்கள் (நம் வீடுகளில் இது யாருக்கும் ஒரு நோயாகவே தெரிவதில்லை!). கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள். 'போகலாமா' என்று மட்டும் கேட்காதீர்கள். ''3,454 மீட்டர், ஒன்றரை மணி நேரத்தில் ஏறுகிறோம், மேலே மூன்று மணி நேரம் இருப்போம்'' என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் ஒரு ஈ.சி.ஜி., எக்கோ பார்த்துவிட்டுச் சொல்வார்.

மேலே போனால் மெதுவாக நடங்கள். பனியைக் கண்டதும் குழந்தை மாதிரி ஓடுகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பது வயதுக்காரர்கள்தான். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மது வேண்டாம். தலை சுற்றல், வாந்தி, தடுமாற்றம், மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் மாத்திரை தேடாதீர்கள். கீழே இறங்குங்கள்! அடுத்த ரயிலிலேயே இறங்குங்கள். டிக்கெட் காசு போகிறதே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். ஊழியர்களிடம் சொன்னால் முதலுதவிக்கு உடனே வருவார்கள்.

கறுப்புக் கண்ணாடி கண்டிப்பாகப் போட வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்து சதவீதம் என்று புற ஊதாக் கதிர் கூடிக்கொண்டே போகிறது. புதுப் பனி அதில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். குளிராக இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது. மாலையில் மூக்குத் தோல் உரிந்து, கண் எரிந்து நீர் கொட்டும்போதுதான் தெரியும்.

சரி, அப்பா மேலே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரை ஹோட்டல் அறையில் விட்டுவிட்டு மற்றவர்கள் போவதா? வேண்டாம். லூசெர்னுக்குப் பக்கத்தில் ரிகி மலை இருக்கிறது. உச்சி 1,798 மீட்டர், கொடைக்கானலைவிடத் தாழ்வு. பல்சக்கர ரயிலில் உட்கார்ந்தபடியே போகலாம். வானம் தெளிவாக இருந்தால் பனிமலை வரிசை முழுவதும் தெரியும். ஸ்விஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் தனி டிக்கெட் வேண்டாம். யூங்ஃப்ராவ்யோக்குக்கோ அந்தப் பாஸில் ஒரு பகுதி வரைதான் இலவசம், மேலே சலுகை மட்டும்தான். இன்டர்லாகெனிலேயே ஹார்டர் குல்ம் என்று 1,322 மீட்டரில் ஒரு மலை உண்டு. இரண்டு ஏரிகளையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். என் கட்சி ரிகிதான். பர்ஸுக்கும் நெஞ்சுக்கும் இதம்!

மருந்துப் பை

பயண நாட்களுக்கு வேண்டியதோடு ஒரு வாரத்துக்குக் கூடுதலாக மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத் தேவைவரை சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோக ஸ்விஸ் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிற பெற்றோர், மீதிக்கு அங்குள்ள டாக்டரிடம் சீட்டு வாங்கத் திட்டமிட வேண்டும். மாத்திரைகளை டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள், அட்டையோடு இருக்கட்டும். டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் நம் ஊர் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் அங்கே யாருக்கும் புரியாது. மருந்தின் மூலப் பெயரும் அளவும் வேண்டும். ஸ்டென்ட் கார்டு, பேஸ்மேக்கர் கார்டு, கடைசி ஈ.சி.ஜி. பிரதி மூன்றையும் அதோடு சேருங்கள்.

இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. விமானத்தின் அடித்தளத்தில் உறைந்து வீணாகலாம். கைப்பையில் வையுங்கள். பனிமலையிலும் இதே கதைதான். பேனாவையும் குளுக்கோமீட்டரையும் முதுகுப்பையில் விடாமல் கோட்டின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் மீட்டர் தப்பாகக் காட்டும், அல்லது காட்டவே மறுக்கும். மேற்கே பறப்பதால் அன்றைய பகல் நீண்டுபோகிறது. கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். இரவு போடும் இன்சுலினை எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

சென்னையிலிருந்து எங்காவது மாறித்தான் போக வேண்டும். மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டும் அபாயம் உண்டு. மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். முடியாதபோது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். வளைகுடா வழியாகப் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம். குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் மாத்திரை இவற்றுக்கும் அங்கே கடுமையான விதிகள் உண்டு.

சாப்பாட்டுப் பொட்டலங்களுக்கும் விதி இருக்கிறது. பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து ஸ்விட்சர்லாந்துக்குள் கொண்டுபோகத் தடை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, நெய் பாட்டில், திரட்டுப்பால் எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், கீரை இவையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கூடாது. வாழைப்பழம், தேங்காய்க்கு விலக்கு உண்டு. பருப்புப்பொடி, மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சலுக்குப் பிரச்னை இல்லை. உண்மையில் இவ்வளவு சுமக்க வேண்டிய அவசியமும் இல்லை. 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் அங்கே வாழ்கிறார்கள். ஜூரிச், பெர்ன், பாசல் போன்ற ஊர்களில் தமிழ்க் கடையில் கறிவேப்பிலை, முருங்கைக்காய்கூடக் கிடைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சில விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ருஷ்டி என்னும் உருளைக்கிழங்கு அடையில் பன்றிக் கொழுப்போ இறைச்சித் துண்டோ போடுவது உண்டு. ஃபாண்டூ என்கிற உருக்கிய பாலாடைக்கட்டியில் வெள்ளை ஒயின் சேர்ப்பது வழக்கம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். தண்ணீருக்கு மட்டும் கவலையே வேண்டாம். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். தெருக்களில் உள்ள நீரூற்றுகளிலும் பிடித்துக்கொள்ளலாம். 'கைன் டிரிங்க்வாஸர்' என்று பலகை இருந்தால் மட்டும் கூடாது, குடிநீர் அல்ல என்று அர்த்தம். காலி பாட்டில் ஒன்று கையில் இருந்தால் நாளுக்குப் பல பிராங்க் மிச்சம். அதே பாட்டில் இன்னொன்றுக்கும் உதவும். அந்த ஊர்க் கழிப்பறைகளில் காகிதம்தான், தண்ணீர் கிடையாது. மூலத் தொந்தரவு உள்ளவர்களுக்கு இது பெரிய அவஸ்தை. வெட்கப்படாமல் தனியாக ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வருஷம் முழுக்கச் செருப்புப் போட்டவர்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் புது ஷூ வாங்குவார்கள். பழைய ஊர்ப்பகுதிகளில் கல் பாவிய தெரு. இரண்டாம் நாளே கொப்புளம். சர்க்கரை நோயாளிக்குக் கொப்புளம் சின்ன விஷயம் இல்லை. மூன்று வாரம் முன்பே வாங்கி வீட்டுத் தெருவில் நடந்து பழகுங்கள். இரவில் பாதங்களைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மரத்துப்போன கால்களை ஹீட்டரில் வைத்துக் காய்ச்சாதீர்கள், வெந்தாலும் தெரியாது.

காய்ச்சல், உடம்புவலி என்றால் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடைக்குப் போங்கள். ஜெர்மன் பேசும் பகுதியில் பெயர் 'அப்போதெகே'. நம் பாராசிட்டமால் அங்கே 'டஃபால்கான்' என்ற பெயரில் கிடைக்கும். ஆன்டிபயாடிக் எல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். ஆம்புலன்ஸுக்கு 144, மலையில் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414, குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் விஷமுறிவு ஆலோசனைக்கு 145, போலீஸுக்கு 117. எதுவும் நினைவு வரவில்லையா? 112 போதும்.

பர்ஸைத் திறக்கும் முன்

அங்கே யூரோ நாணயம் இல்லை, ஸ்விஸ் பிராங்க். பல கடைகளில் யூரோ வாங்குவார்கள். ஆனால் அவர்கள் சொல்கிற விலைதான், மீதிச் சில்லறை பிராங்கில் வரும். போரெக்ஸ் கார்டில் பிராங்காகவே ஏற்றுங்கள். யூரோவோ டாலரோ ஏற்றி பிராங்கில் செலவழித்தால் ஒவ்வொரு தடவையும் மாற்றுக் கட்டணம் கழியும். சாதாரண கிரெடிட் கார்டில் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள். கடையில் கார்டைத் தேய்க்கும்போது மெஷின் 'ரூபாயிலா, பிராங்கிலா?' என்று கேட்கும். நம் ரூபாயைப் பார்த்ததும் பாசம் பொங்கி அதை அழுத்தாதீர்கள்! அந்த மாற்று விகிதம் எப்போதும் உங்களுக்கு நஷ்டம்தான். பிராங்கையே அழுத்துங்கள். ஏ.டி.எம்.மிலும் அப்படியே.

ரொக்கமாக இருநூறு முந்நூறு பிராங்க் இருந்தால் போதும். கழிப்பறைக்கும் சில்லறைச் செலவுக்கும். சித்தப்பா முன்பு போய் வந்தபோது மிச்சம் வைத்த நோட்டைக் கொடுத்தனுப்பினால் பார்த்து வாங்குங்கள். 2016-ல் தொடங்கி 2019-க்குள் புது நோட்டுகள் வந்துவிட்டன. அதற்கு முந்தைய வரிசை நோட்டு 2021 ஏப்ரல் 30-க்குப் பிறகு கடையில் செல்லாது. கிழித்துப் போட்டுவிட வேண்டாம், ஸ்விஸ் தேசிய வங்கியில் மாற்றிக்கொள்ளலாம்.

டிராவல் பாஸ் விஷயத்தில், 6 முதல் 15 வயது வரை உள்ள குழந்தைகள் குடும்ப அட்டையில் இலவசம். ஆனால் கூட வருவது அம்மாவோ அப்பாவோ ஆக இருக்க வேண்டும். தாத்தா பாட்டி மட்டும் அழைத்துப் போனால் செல்லாது. டிக்கெட் இல்லாமல் ரயிலில் மாட்டினால் நூறு பிராங்க் அளவுக்குக் கட்ட நேரிடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக் கடைகள்தான் கதி. சனிக்கிழமையே பால், ரொட்டி, பழம் வாங்கி வையுங்கள். வாட்ச், சாக்லேட் என்று ஒரே கடையில் 300 பிராங்குக்கு மேல் வாங்கினால் அந்தக் கடையிலேயே வரி திரும்பப் பெறும் படிவம் கேளுங்கள். 2024-லிருந்து வரி 8.1 சதவீதம், கிளம்பும் விமான நிலையத்தில் சுங்க முத்திரை வாங்கினால் பெரும்பகுதி திரும்ப வரும். பொருளைக் காட்டச் சொல்வார்கள், ஆகவே பெட்டியை அனுப்புவதற்கு முன்பே போங்கள்.

டாக்டரிடம் போக நேர்ந்திருந்தால் ஒவ்வொரு பில்லின் அசலையும் மருந்துச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பாஸ்போர்ட்டில் விசா உள்ள பக்கத்தையும், போர்டிங் பாஸையும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும்.

கடைசியாக ஒன்று. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காட்டுப் பாதையில், புல்வெளியில் நடந்தவர்கள் அன்றிரவே உடம்பைப் பார்க்க வேண்டும். முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள். கடுகு அளவில் உண்ணி ஒட்டியிருந்தால் எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் ஊற்றாமல், இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். இந்த உண்ணிகள் 'லைம்' நோயையும், ஒரு வகை மூளைக்காய்ச்சலையும் பரப்பக்கூடியவை. ஊருக்குத் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தாலோ, தோலில் வட்டமாகச் சிவந்து நாளுக்கு நாள் விரிந்தாலோ, உங்கள் டாக்டர் டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் யோசிப்பார். நீங்களே முந்திக்கொண்டு, ''டாக்டர், ஸ்விஸ் போயிருந்தேன், காட்டில் நடந்தேன்'' என்று சொல்லிவிடுங்கள்.